பதினேழாம் தேதியில் இடமில்லை

விடுப்புப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. தீப்பெட்டி அளவு. 'மனைவி இறந்து ஒரு வருடம்' என்று அதில் எழுதப் பார்த்தேன். 'மனைவி' வரைக்கும்தான் இடம் இருந்தது.

மேலாளர் படிவத்தைத் தள்ளி வைத்துப் படித்தார். பிறகு கிட்டத்தில் வைத்துப் படித்தார்.

"மனைவிங்கிறது ஒரு காரணமாப்பா? எல்லாருக்கும்தான் இருக்காங்க."

"எனக்கு இல்ல சார். அதுக்குத்தான் லீவு."

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. போன வருடம் துக்கம் கேட்க வீட்டுக்கு வந்து, திரும்பும்போது என் செருப்பைப் போட்டுக்கொண்டு போனவர் அவர். அதன் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இப்போதும் மேசைக்கு அடியில் அதைத்தான் போட்டிருந்தார்.

நான் வேலை பார்ப்பது நாட்காட்டி அச்சகத்தில். தினம் ஒரு தாள் கிழிக்கிற நாட்காட்டி. மேலே பெரிதாகத் தேதி. கீழே பொடி எழுத்தில் அந்தத் தேதியில் பிறந்தவர்கள், இறந்தவர்கள், அந்த நாளுக்குரிய புனிதர்கள், சரித்திரத்தில் நடந்தவை. இதை யாரும் படிப்பதில்லை. நான் படிப்பேன். நான் பிழை திருத்துபவன்.

அச்சகத்தில் விடுப்பு இரண்டு வகை. சாதா விடுப்பு, நினைவு விடுப்பு. நினைவு விடுப்பு வேண்டுமென்றால் அந்தச் சம்பவம் நாள் வாரியத்தின் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். வாரியம் அனுப்புவதைத்தான் நாங்கள் அச்சடிக்கிறோம். ஆகவே வாரியத்தின் விதிதான் எங்களுக்கும் விதி.

சாதா விடுப்பே போதும் என்றேன்.

"தாராளமா எடுத்துக்கோ. ஆனா அதுல நினைக்கக் கூடாது. துணி துவைக்கலாம், தூங்கலாம், பல் டாக்டர்கிட்ட போகலாம். நினைச்சா அது நினைவு விடுப்பாயிடும்."

நினைக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். பேனாவை எடுத்தேன். அவள் போனதிலிருந்து எனக்கு எதுவும் அவ்வளவாக உறைப்பதில்லை. இரண்டே சொல், எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். கை போகவில்லை. பேனாவை மூடி வைத்தேன்.

"அப்ப வாரியத்துக்குப் போய் பதிஞ்சுட்டு வா. இன்னும் மூணு மாசம் இருக்குல்ல."

அவள் இறந்த பதினேழாம் தேதிக்கு நான் பெரிய திட்டம் எதுவும் வைத்திருக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

வாரியக் கட்டடத்துக்கு நான்கு மாடி. மாடிக்கு மூன்று மாதம். லிஃப்ட் மார்ச் வரைக்கும்தான் போகும் என்று வாசலில் இருந்த காவலாளி சொன்னார். எனக்கு வேண்டியது அக்டோபர். படியேறினேன். ஜூனில் ஒரு கிழவர் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிசம்பருக்குப் புறப்பட்டவராம். எப்போது புறப்பட்டார் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் அறையில் முப்பத்தொரு மேசை. மேசைக்கு ஒரு எழுத்தர், எழுத்தருக்கு ஒரு தேதி. ஒவ்வொருவர் முன்னாலும் நான்கு தகரப் பெட்டிகள்: பிறப்பு, இறப்பு, புனிதர், நிகழ்ச்சி. அவர்கள் ஒருவரையொருவர் தேதி சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். "ஒன்பது டீ குடிக்கப் போயிருக்கு, அஞ்சுகிட்ட கேளுங்க" என்பது போல. பதினேழு ஒரு ஒல்லியான மனிதர். பக்கத்து மேசைப் பதினெட்டோடு அவருக்குப் பேச்சு வார்த்தை இல்லை. யாரோ ஒரு தளபதி இரவு பன்னிரண்டு மணிக்குச் சரியாகச் செத்துப்போய், அவர் யாருக்குச் சொந்தம் என்பதில் வந்த தகராறு.

என்ன விஷயம் என்றார். இறப்பு என்றேன்.

"இறப்பு ஃபுல். பன்னிரண்டு பேர்தான் கணக்கு. பன்னிரண்டும் ஏறியாச்சு."

தாளில் இறப்புக்குப் பன்னிரண்டு வரிதான் பிடிக்கும் என்பது எனக்கும் தெரியும். அந்தப் பன்னிரண்டு பேரையும் ஆறு வருடமாகத் திருத்தி வருகிறேன். குடையை மடக்கும் முறையில் ஒரு மாற்றம் செய்தவர். கடலைப் பார்க்காத கடற்படைத் தளபதி. மூன்று சுயசரிதை எழுதியவர். பன்னிரண்டாவதாக, வாரியத்தின் முன்னாள் இயக்குநருடைய மாமனார்.

"யாராவது எழுந்து போனாத்தான் இடம் வரும்" என்றார் பதினேழு.

"செத்தவங்க எழுந்து போக மாட்டாங்களே சார்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

என் முகத்தைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். அடுத்த மாதம் மூன்றாம் தேதியில் நான்கு இடம் காலி இருக்கிறது, நல்ல காற்றோட்டமான தேதி, அதற்குத் தள்ளிப் போட முடியுமா என்று கேட்டார். அவள் ஏற்கெனவே இறந்துவிட்டாள் என்றேன். அது தெரிகிறது, தேதியை மட்டும்தான் கேட்கிறேன் என்றார். பிறகு பெட்டிகளைக் கிளறிவிட்டு, மெல்லிய குரலில் சொன்னார்.

"பிறப்புல ஒரு எடம் இருக்கு. பிறந்தவங்கன்னு போட்டுடவா?"

"அன்னிக்குத்தான் சார் அவ இறந்தா."

"தேதி சரியாத்தானே இருக்கு? விவரத்துலதானே கொஞ்சம் வித்தியாசம்."

வேண்டாம் என்றேன். அப்படியானால் இயக்குநரைத்தான் பார்க்க வேண்டும், பிப்ரவரிக்குப் போங்கள் என்றார்.

மறுநாள் மச்சானும் கூட வந்தார். அவளுடைய அண்ணன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறார். எங்கே போனாலும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் காலுக்குக் கீழே இருக்கிற பிரேக்கை மிதிக்கிற சுபாவம்.

"மாப்பிள்ளை, நீங்க வாயத் திறக்காதீங்க. நான் பேசிக்கறேன்."

எனக்கு அது வசதியாக இருந்தது.

இயக்குநர் பிப்ரவரி அறையில், ஒரு கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்திருந்தார். அவர் பிப்ரவரி இருபத்தொன்பதின் எழுத்தராகச் சேர்ந்தவர். முப்பத்திரண்டு வருடப் பணி. அதில் எட்டு நாள் வேலை. வாரியத்திலேயே குறைந்த தவறு செய்தவர் என்று கணக்கெடுத்து அவரை இயக்குநர் ஆக்கியிருந்தார்கள்.

"என் மேசையப் பாருங்க" என்றார் எங்களிடம். "ஒரு கோப்பு தேங்கி நிக்குதா? நேத்து வந்தவங்க எல்லாம் நாளெல்லாம் வேலை பாக்கறாங்க. வேலை பாத்தா தப்பு வராம என்ன செய்யும்?"

மச்சான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். இயக்குநர் பதினேழாம் தேதியின் கோப்பை வரவழைத்து மெதுவாகப் புரட்டினார். இறப்பு நிறைந்துவிட்டது உண்மைதான். ஆனால் புனிதர் பெட்டியில் ஒருவர்கூட இல்லை. பன்னிரண்டு இடமும் காலி. வரிசையே கிடையாது.

"ஏன் சார் யாரும் வரல?" என்றார் மச்சான்.

"மூணு அற்புதம் காட்டணும்."

"மூணு போதுமா?"

நான் வாயைத் திறந்தேன். அவள் புனிதர் இல்லை என்றேன். பெரிய தலையணையை எப்போதும் அவளே எடுத்துக்கொள்வாள். துப்பறியும் கதையில் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, கொலை செய்தது யார் என்று என்னிடம் சொல்லிவிடுவாள். கோபம் வந்தால் இரண்டு நாள் பாத்திரங்களோடு மட்டும்தான் பேசுவாள்.

"அதெல்லாம் படிவத்துல கேக்கறதில்ல" என்றார் இயக்குநர்.

எந்த மதத்துப் புனிதர் என்று போடுவீர்கள் என்று கேட்டேன். மதம் வேறு கட்டடம், நாங்கள் தேதி மட்டும்தான் என்றார். பதிவாகிவிட்டால் எனக்கு விடுப்பு கிடைக்குமா என்று கேட்டேன். புனிதருக்கே கிடைக்காவிட்டால் வேறு யாருக்குக் கிடைக்கும் என்றார். மச்சான் என் கையில் பேனாவைத் திணித்தார். கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை வீட்டுக்கு ஆய்வுக் குழு வந்தது. இயக்குநர், அளவு நாடாவோடு ஒரு உறுப்பினர், நோட்டுப் புத்தகத்தோடு இன்னொரு உறுப்பினர். மச்சான் அவர்களுக்கு முன்பே வந்து நாற்காலிகளைத் துடைத்து வைத்திருந்தார்.

முதல் அற்புதம் மின்விசிறி. அது மூன்றாம் எண்ணில் வைத்தாலும் ஒன்றில்தான் சுற்றும். அவள் அடியில் நின்று "ஏய்" என்று ஒரு அதட்டல் போட்டால் வேகம் பிடிக்கும். இது உண்மை. ஏன் என்று எனக்குத் தெரியாது. குழு பரிசோதித்தது. மச்சான் "ஏய்" என்றார். விசிறி கண்டுகொள்ளவில்லை. அளவு நாடா உறுப்பினர் "ஏய்" என்றார். இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பதவிக்கு ஏற்றபடி, "ஏங்க" என்றார். பிறகு என்னைச் சொல்லச் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. 'கணவரால் பேச இயலவில்லை. பிறர் சொல்லுக்குக் கட்டுப்படவில்லை. உறுதி' என்று நோட்டில் ஏறியது.

இரண்டாவது, கூடத்து ஜன்னல் திரை. அளவு நாடா உறுப்பினர்தான் அதைக் கண்டுபிடித்தார். திரையில் பதினொரு ஓட்டை. கம்பியில் பத்து வளையம். அவர் மூன்று தடவை எண்ணினார். நோட்டுக்காரரை எண்ணச் சொன்னார். பதினொரு ஓட்டைத் திரை பத்து வளையத்தில் எப்படித் தொங்குகிறது என்று என்னைக் கேட்டார்.

அது அவள் இறப்பதற்கு முதல் நாள் மாட்டியது. பதினாறாம் தேதி. கடையில் பத்து வளையம் உள்ள பாக்கெட்தான் இருந்தது. ஒரு ஓட்டைக்காக இன்னொரு பாக்கெட் வாங்கலாம் என்று நான் சொன்னேன். கடை வாசலிலேயே சண்டை. ஒரு ஓட்டை சும்மா இருந்தால் என்ன என்றாள். சுவர் ஓரத்து ஓட்டையை விட்டுவிட்டு மாட்டினாள். அந்த முனை மட்டும் காது தொங்கின மாதிரி தொங்கியது. மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் பேருந்து நிறுத்தத்தில் விழுந்தாள். மூளையில் ஏதோ ஒரு குழாய் என்றார்கள். முப்பது வயதுகூட ஆகவில்லை.

இதில் கடைவரைக்கும் குழுவிடம் சொன்னேன். 'பற்றாக்குறையை நிறைவாக்கினார்' என்று நோட்டுக்காரர் எழுதிக்கொண்டார். திரையைக் கழற்றி, பத்து வளையங்களையும் ஒரு உறையில் போட்டு, அரக்கு வைத்து எடுத்துக்கொண்டார்கள். வாரியக் காட்சிக்கூடத்துக்காம். திரை மட்டும் என் கையில் இருந்தது.

மூன்றாவதுக்கு மச்சானும் தடுமாறினார். சின்ன வயதில் அவள் மாமரத்திலிருந்து விழுந்தும் அடிபடவில்லை என்று ஆரம்பித்தார். எந்த உயரம் என்று நாடாவை இழுத்தார்கள். மச்சான் பின்வாங்கினார். கடைசியில் எதற்கும் இருக்கட்டும் என்று அலமாரியிலிருந்து ஒரு பழைய ரசீதை எடுத்துக் காட்டினார்.

"மின் இணைப்ப எங்கப்பா பேருலேருந்து இவ பேருக்கு மாத்தினா. காலைல பத்து மணிக்கு ஆபீசுக்குப் போனா. மத்தியானச் சாப்பாட்டுக்கு வேலைய முடிச்சிட்டு வந்துட்டா."



"ஒரே நாள்லயா?" என்றார் இயக்குநர்.

"ஒரே ஆபீஸ்ல. ஒரே தடவைல."

ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். விண்ணப்பம் வாங்கிய முத்திரையும் வேலை முடிந்த முத்திரையும் ஒரே தேதியில் இருந்தன. நோட்டுக்காரர் எழுதாமல் நின்றார். அளவு நாடா உறுப்பினர் ரசீதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இயக்குநர் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"முப்பத்திரண்டு வருஷம் சர்வீஸ்ல இப்படி ஒண்ணு நான் கேள்விப்பட்டதில்ல" என்றார்.

அறிவிப்பு விழா அடுத்த மாதம் வாரிய மண்டபத்தில் நடந்தது. மேடையில் அவளுடைய படம். ஓவியர் புகைப்படத்தைப் பார்த்துத்தான் வரைந்ததாகச் சொன்னார்கள். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பத்து வளையம். அவள் மேலே பார்த்து நான் பார்த்ததெல்லாம் ஒட்டடைக்காகத்தான். மச்சான் முன் வரிசையில் இருந்தார். அவருடைய பள்ளியின் பெயர்ப் பலகையில் அதற்குள் 'புனிதரின் அண்ணன் நடத்துவது' என்று ஒரு வரி ஏறிவிட்டது. மாணவர்கள் இப்போது பிரேக் பிடிக்காமல் ஓட்டுகிறார்கள், நம்பிக்கை வந்துவிட்டது என்று வருத்தப்பட்டார்.

இயக்குநர் பேசினார்.

"பெரியோர்களே, மக்கள் வருஷம் முழுக்கப் பிறக்கறாங்க, வருஷம் முழுக்க இறக்கறாங்க. எந்தத் திட்டமும் இல்ல. ஒரு தேதில நெரிசல், ஒரு தேதில ஆளே இல்ல. நாங்க இல்லன்னா என்ன ஆகும்? அவங்க பாட்டுக்கு இறந்துகிட்டே இருப்பாங்க. எந்த நாள்ல இறந்தோம்னு அவங்களுக்கே தெரியாது. இந்த அம்மா எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி யாரு? சாதாரணமா ஒரு வீட்ல இருந்தவங்க. வீட்டுக்காரரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்காரர் அளவுக்குத் தெரியணும்னு அவசியம் இல்ல. வாரியத்தோட நோக்கமே அதுதான்."

கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த பதினேழாம் தேதி எழுத்தர் அழுதுகொண்டிருந்தார். அவருடைய தேதிக்கு முதல் புனிதர். பதினெட்டு விழாவுக்கு வரவில்லை. முடிவில் இயக்குநர் பதினேழாம் தேதியைப் பொது விடுமுறை என்று அறிவித்தார்.

மறுநாள் பதிவேட்டின் நகலோடு மேலாளர் முன்னால் போய் நின்றேன். பதினேழாம் தேதிக்கு இருபது நாள்தான் இருந்தது. அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"ரொம்பப் பெருமையா இருக்குப்பா. ஆனா நினைவு விடுப்பு இறப்புக்குத்தான். இவங்க புனிதர்ல இருக்காங்க. இறப்புல இல்ல."

"இறந்ததாலதான சார் புனிதர் ஆனா?"

"பதிவேடு அப்படிச் சொல்லலையே. பதிவேட்டுப்படி உன் மனைவி இறக்கல. இறக்காதவங்களுக்கு நான் எப்படி லீவு குடுக்கறது?"

பொது விடுமுறைதானே, அன்று எப்படியும் நான் வீட்டில் இருப்பேன் என்றேன். அவர் தலையை அசைத்தார். எல்லார் வீட்டுச் சுவரிலும் பழைய தாள் தொங்குகிறது. புனிதர் ஏறிய புதுத் தாளைப் பதினேழாம் தேதி அன்றே ஊருக்கெல்லாம் கொடுக்க வேண்டுமாம். ஆகவே பள்ளிக்கூடம் விடுமுறை, வங்கி விடுமுறை, கடை விடுமுறை. அச்சகம் மட்டும் காலை ஆறு மணிக்கே திறக்கும். எழுத்துப் பிழை ஒன்றுகூட வரக் கூடாது என்று இயக்குநர் தனியாகச் சொல்லியிருந்தார்.

"உன் மனைவி பேரச் சொல்லி ஊரே லீவு எடுக்குது. நீ ஒருத்தன் வேலைக்கு வந்தா என்னப்பா குறைஞ்சுடும்?"

நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே புதுத் தாளின் அச்சுப் பிரதி என் மேசைக்கு வந்துவிட்டது. 'பற்றாக்குறையை நிறைவாக்கியவர், காற்றை அடக்கியவர், ஒரே நாளில் முடித்தவர்' என்று இருந்தது. 'நிறைவாக்கியவர்' என்பதில் ஒரு எழுத்து விட்டுப் போயிருந்தது. சேர்த்தேன். மற்றதைத் தொடவில்லை. பிழை திருத்துபவன் எழுத்துப் பிழையைத்தான் திருத்தலாம்.

அதற்கு முந்திய தாளும் பிரதியோடு ஒட்டி வந்திருந்தது. பதினாறு. அதில் பிறப்பு இல்லை, இறப்பு இல்லை, புனிதர் இல்லை. அத்தனை இடத்திலும் ஒரே வரிதான். 'இந்த நாளில் குறிப்பிடத்தக்கதாக எதுவும் நடக்கவில்லை.' ஆறு வருடமாக அந்த வரியைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன். பிழையில்லாத வரி.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு விடுப்புப் படிவம் எடுத்தேன். சாதா விடுப்பு. பதினாறாம் தேதி. காரணக் கட்டத்தில் 'சும்மா' என்று எழுதினேன். கச்சிதமாக அடங்கியது.

மேலாளர் தள்ளி வைத்துப் படித்தார். கிட்டத்தில் வைத்துப் படித்தார். சுவரில் இருந்த நாட்காட்டியைப் புரட்டிப் பதினாறைப் பார்த்தார். அவருக்குத் திருப்தியாக இருந்தது.

"நல்ல நாளாத்தான் எடுத்திருக்க" என்றார்.

நினைக்க மாட்டேன் என்று எழுதித் தர வேண்டுமா என்று கேட்டேன்.

"எதுக்குப்பா? பதினாறாம் தேதில நினைக்க என்ன இருக்கு?" கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

பதினாறாம் தேதி காலை தாமதமாக எழுந்தேன். அதே கடைக்குப் போனேன். திரை வளையம் கேட்டேன். கடைக்காரர் பத்து உள்ள பாக்கெட் ஒன்றை எடுத்து வைத்தார். திரைக்கு எத்தனை ஓட்டை என்றார்.

"பதினொண்ணு."

"அப்ப ரெண்டு பாக்கெட் எடுத்துக்கங்க. ஒத்தையா தர மாட்டோம்."

"ஒண்ணு போதும். ஒரு ஓட்டை சும்மா இருக்கட்டும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். போன வருடம் நான் அவளைப் பார்த்த மாதிரி.

வீட்டுக்கு வந்து சுவர் ஓரத்து ஓட்டையை விட்டுவிட்டு மாட்டினேன். அந்த முனை பழையபடி தொங்கியது. விசிறியைப் போட்டேன். மூன்றில் வைத்தேன். ஒன்றில் சுற்றியது. அதட்டவில்லை.

எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். சாதா விடுப்பில் நினைக்கக் கூடாது. சாயங்காலம் வரைக்கும் நினைத்தேன்.